கரிவரி வரட்டும், பணம் யாருக்கு?

பால் வெட்டித் தூக்கி வரும் தொழிலாளிக்குத் தராசைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோரில் வாளி இறங்கியதும் எடை பார்க்கிறார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் காசும் குறைகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கணக்கை நம்மிடம் காசு பிசகாமல் நடத்தி வந்த தொழில் உலகம், தன் புகைபோக்கி வழியாக வெளியேறும் கரிக்கு மட்டும் தராசு வைத்ததில்லை. இப்பொழுது அந்தத் தராசு வருகிறது. அதைத்தான் கரிவரி என்கிறார்கள்.

2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2026-க்குள் இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களின்மீது கரிவரி விதிக்கப்படும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். சிங்கப்பூர் இதில் நமக்கு முன்னே சென்றுவிட்டது. அங்கே 2019-இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி என்று தொடங்கி, 2024-இல் 25 வெள்ளியாக்கி, 2026, 2027 ஆகிய இரு ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என்று விதித்திருக்கிறார்கள். 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயர்த்துவது அவர்கள் எண்ணம். ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் புகை விடும் பெரிய ஆலைகளே அங்கு இவ்வரியை நேரடியாகக் கட்டுகின்றன.

“இரும்புக்கும் மின்சாரத்துக்கும் வரும் வரி, பால்மரத்துக்கும் செம்பனைக்கும் என்ன வந்தது? தோட்டப் பாட்டாளி ஏன் இதில் தலையிட வேண்டும்?” என்று தோழர்கள் கேட்கலாம். மின்சாரத்தின்மீது விழுகிற வரி லயத்து வீட்டு விளக்கின்மீதும் விழும். இரும்பின்மீது விழுகிற வரி கூரைத் தகரத்தின் விலையில் வந்து சேரும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஒரு தொழிலை வேறொரு தொழிலாக மாற்றும்போது அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி இந்த நாட்டில் புதிதாக எழவில்லை. நம் தோட்டங்களில் அது ஒருமுறைக்கு இருமுறை எழுந்து, ஒவ்வொரு முறையும் நமக்கு விரோதமாகவே தீர்க்கப்பட்டிருக்கிறது.

முதலில் வரியின் நியாயத்தைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பிகூ என்பவர் 1920-இல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி சொல்லிவிட்டார். ஓர் ஆலைக்காரன் தன் லாபத்துக்காகச் செய்யும் காரியம் அடுத்தவனுக்கு நஷ்டம் உண்டாக்குமானால், அந்த நஷ்டத்தையும் அவன் கணக்கிலேயே ஏற்றும்படி வரி போட வேண்டும் என்பதே அது. அப்படி ஏற்றாத வரையில் அவன் விற்கும் பொருளின் விலை பொய் விலைதான். மீதி விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேறு யாரோ யார்? நாம்தான். மழை பெய்தால் பட்டை நனைகிறது. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வருமானம் சுருங்குகிறது. பருவம் தப்பிய மழை எத்தனை நாள் வெட்டைக் கெடுத்தது என்பதை ஸ்டோர் கணக்குப் புத்தகம் காட்டும். 1997-இலும் 2015-இலும் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் கரிமண் காடுகள் பற்றி எரிந்தபோது அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சில்தான் இறங்கிற்று. 2015-இல் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். வெயிலைப் பற்றி அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030-இல் உலகத்தின் மொத்த வேலை நேரத்தில் நூற்றுக்கு 2.2 பங்கு வெப்பத்தினால் வீணாகும், அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம், அந்த இழப்பில் நூற்றுக்கு 60 பங்கு விவசாய வேலையில் விழும் என்று அது கணக்கிட்டது. செம்பனைக் குலை வெட்டுகிறவர் நிழலில் நின்று வெட்ட முடியாது. ஆகவே கரிக்கு விலை இன்றுதான் புதிதாகப் போடப்படுகிறது என்று சொல்வது சரியன்று. விலை முன்பே இருக்கிறது. அதைக் கூலிக்காரன் கட்டிக்கொண்டிருக்கிறான், ஆலைக்காரன் கட்டவில்லை, அவ்வளவே.

இதனால்தான் கரிவரியை அடியோடு எதிர்க்க வேண்டும் என்று நம்மிடையே சிலர் பேசும் பேச்சை நாம் ஏற்கவில்லை.

வரி ஏன், சட்டம் போட்டுத் தடுத்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. சில இடங்களில் சட்டமே நல்லது. ஆனால் எல்லா ஆலையும் பத்தில் ஒரு பங்கு புகையைக் குறைக்க வேண்டும் என்று ஒரே கட்டளை போட்டால், எளிதில் குறைக்கக்கூடியவன் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடுவான். குறைக்க முடியாதவன் கோடிக்கணக்கில் செலவு செய்து திணறுவான். எல்லா நிரையிலும் ஒரே அளவு பால் கேட்பதைப் போன்றது அது. கிழட்டு மரமும் இளமரமும் ஒன்றாகப் பால் தருமா? டன்னுக்கு இவ்வளவு என்று விலை வைத்துவிட்டால், எந்த ஆலைக்கு வரியைவிடக் குறைந்த செலவில் புகையைக் குறைக்க முடியுமோ அந்த ஆலை தானாகவே குறைக்கும். மலிவான டன்கள் முதலில் போகும். ஊருக்கு ஆகும் மொத்தச் செலவும் குறையும்.

மலிவான டன் எங்கே இருக்கிறது என்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுக் குளத்தைப் பாருங்கள். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவு நீர் வருகிறது. அது திறந்த குளத்தில் கிடந்து புளித்து மீத்தேன் வாயுவாகக் கிளம்புகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் அதைக் கொண்டே மின்சாரம் எடுக்கலாம்; நாற்றமும் குறையும். 2014 முதல் கட்டப்படும் புதிய ஆலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். பழைய ஆலைகளுக்கோ நெருக்குதல் குறைவு. விலை இல்லாத பொருளை எந்த முதலாளி மூடி வைப்பான்? செம்பனை ஆலைகளும் ஒருநாள் இந்தத் தராசில் ஏற வேண்டும் என்றே நாம் சொல்வோம். சொந்தத் தொழிலுக்கு வரி கேட்பதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். குளத்தங்கரையில் குடியிருப்பவர்கள் நாம்.

முதலாளிமார் தரப்பு வாதம் நமக்குத் தெரியாததன்று. செலவு கூடும், போட்டியில் தோற்போம், ஆகவே சம்பள உயர்வு கேட்காதீர்கள் என்பதே அது. ரப்பர் விலை இறங்கியபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஏறியபோது வேறு எதையோ சொன்னார்கள். போட்டி என்ற வாதத்துக்கு ஐரோப்பாவே பதில் சொல்லிவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலிய சரக்குகள் அங்கே இறங்கும்போது, அவற்றைச் செய்கையில் வெளியான கரிக்கு எல்லையிலேயே விலை வாங்கும் ஏற்பாட்டை 2026 ஜனவரி முதல் அவர்கள் முழுமையாகத் தொடங்கினார்கள். சரக்கு செய்த நாட்டில் கரிவரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறார்கள். நாம் இங்கே வரி போடாவிட்டால், ஐரோப்பாவுக்குப் போகும் நம் எஃகு அந்த வரியை ஐரோப்பிய கஜானாவில் கட்டும். இங்கே போட்டால் பணம் நம் நாட்டில் நிற்கும்.

நிற்கும் பணம் யார் கைக்குப் போகும் என்பதே நமது கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். பேச்சுக்கு டன்னுக்கு 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் நிலக்கரியும் இயற்கை வாயுவும் எரித்தே பெரும்பாலான மின்சாரம் எடுக்கப்படுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் லயத்து வீட்டுக்கு 150 கிலோ. வரி 4 வெள்ளி 50 காசு. மாதம் 2,000 யூனிட் செலவழிக்கும் பங்களாவுக்கு வரி 45 வெள்ளி. ஒன்பது லயத்து வீடும் ஒரு பங்களாவும் சேர்ந்து கட்டுவது 85 வெள்ளி 50 காசு. இந்தப் பணத்தைப் பத்து வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு 8 வெள்ளி 55 காசு. அப்போது லயத்து வீட்டுக்காரருக்கு மாதம் 4 வெள்ளி 5 காசு மிச்சம். பங்களாக்காரர் மின்சாரத்தைக் குறைத்தால்தான் தப்புவார். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கஜானாவிலேயே வைத்துக்கொண்டால், அதே வரி ஏழையின் நாலரை வெள்ளியைப் பிடுங்கும் வரியாகிவிடுகிறது. வரி ஒன்றே. திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதில்தான் இத்தனை வித்தியாசமும்.

பிரான்சில் திருப்பிக் கொடுக்கவில்லை. 2018-இல் எரிபொருள் வரியை உயர்த்திக்கொண்டே போனார்கள். அதே ஆண்டு பெரும் பணக்காரர்களின் சொத்துவரியை எடுத்துவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே குடியிருந்து தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகும் சாதாரண ஜனங்கள் நவம்பர் மாதம் மஞ்சள் சட்டை அணிந்து சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்துவிட்டார்கள். டிசம்பரில் அரசாங்கம் அந்த உயர்வை நிறுத்த வேண்டியதாயிற்று.

கனடாவில் நடந்தது வேறு. அங்கே மத்திய அரசாங்கம் எரிபொருளின்மீது போட்ட கரிவரியில் பத்தில் ஒன்பது பங்கைக் குடும்பங்களுக்கே திருப்பியது. நமது பத்து வீட்டுக் கணக்கைப் போன்றதே அது. ஆனாலும் தாங்கள் நஷ்டப்படுவதாகவே ஜனங்கள் நினைத்தார்கள். பெட்ரோல் பம்பில் விலை தினந்தோறும் கண்ணை உறுத்திற்று. திரும்பி வந்த பணமோ முதலில் வருமான வரிப் பத்திரத்தில் ஒரு வரியாகவும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கிலும் சத்தமின்றி வந்து விழுந்தது. எதிர்க்கட்சி வரியை ஒழிப்போம் என்றது. 2025 ஏப்ரல் முதல் தேதி ஆளுங்கட்சியே அதைப் பூஜ்யமாக்கிற்று. கண்ணுக்குத் தெரியாமல் நியாயம் செய்தால் அது நிலைக்காது போலும். சுவீடன் 1991-இல் தொடங்கிய கரிவரியை இன்றும் விடவில்லை. டன்னுக்கு 1,000 குரோனருக்கு மேல் வாங்குகிறது. அந்த ஆண்டில் அங்கே வருமான வரியைக் குறைத்த சீர்திருத்தத்தோடு சேர்த்தே இதைக் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டின் அனுபவமும் ஒன்று இருக்கிறது. அதைக் கரிவரி என்று யாரும் சொல்லவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தார்கள். பம்பில் லிட்டர் 2 வெள்ளி 15 காசு விற்ற டீசல் 3 வெள்ளி 35 காசு ஆயிற்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது. கணக்குப் பார்த்தால் அந்த ஒரு வெள்ளி 20 காசு, டன்னுக்கு ஏறக்குறைய 450 வெள்ளிக்குச் சமம்! சிங்கப்பூர் அந்த ஆண்டில் தன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிடம் கேட்டதைப்போல் ஐந்து மடங்கு. மானியத்தை எடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. எரிக்கிறவனுக்கு எரிக்க எரிக்கப் பணம் கொடுப்பது தலைகீழான கரிவரி. கள்ளக் கடத்தல்காரனும் அதில் கொழுத்தான். தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவி கொடுத்ததும் உண்மையே. நாம் சுட்டிக்காட்டுவது இதுதான்: பழைய லாரி வைத்துக் காய்கறி ஏற்றும் சிறு வியாபாரியிடம் ஒரே இரவில் 450 வெள்ளி கேட்க முடிந்த நாட்டில், உருக்காலைக்கு 30 வெள்ளியா, 15 வெள்ளியா என்று ஆண்டுக்கணக்கில் ஆலோசிக்க வேண்டிய அவசியம் என்ன?

இனி வேலையைப் பற்றி. இங்கேதான் பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1952-இல் மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதிக்கென்று சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பருக்கு எடைக்கணக்கில் செஸ் பிடித்தார்கள். பிடித்த பணம், பழைய மரத்தை அழித்துப் புதிய மரம் நட்டவர்களுக்குத் திரும்பிற்று. தோட்டங்களுக்கு அவற்றின் பங்கு, சிறு தோட்டக்காரருக்கு உதவித் தொகை. நல்ல ஏற்பாடுதான். அது இல்லாவிட்டால் எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பரின் போட்டியில் மலாயா ரப்பர் மடிந்திருக்கும். ஆனால் மறுநடவான நிலத்தில் ஐந்தாறு ஆண்டுக்கு வெட்டு கிடையாது. அந்த நிதி மரத்துக்காக ஏற்பட்டது. மரத்தை நம்பி நின்ற வெட்டுக்காரனுக்கு அதில் பங்கு இல்லை. வரி ஒன்று பிடித்து, ஒரு தொழிலையே மாற்றி, அதில் உழைத்தவனை மட்டும் கணக்கில் விட்டுவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து செம்பனை வந்தது. 1960-களிலிருந்து ரப்பர்க் காடுகள் செம்பனையாக மாறின. ஏக்கருக்கு இத்தனை ஆள் என்று பார்த்தால் செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆளே போதும். பிறகு தோட்டங்களே வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி வேலை நீக்கப்பட்டவருக்குக் கிடைப்பது, இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட வேலையானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். ஐந்து ஆண்டுக்கு உட்பட்டால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி, இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான சாப்பாடு. வீட்டுக்கு அதில் ஒரு காசு கிடையாது. லயம் தோட்டத்துச் சொத்து. வேலை போன அன்று வீட்டையும் காலி செய்யச் சொல்லலாம். பிள்ளைகள் நடந்து போன தமிழ்ப்பள்ளியும் கோயிலும் அத்தோடு தூரமாயின. நகரத்து ஓரங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டு குடியேறிய குடும்பங்களின் கதையை நம் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. பலருடைய சொந்தக் கதை அது.

நிலக்கரி மின்நிலையத்தில் இன்று வேலை செய்யும் தொழிலாளியும், உருக்காலைத் தொழிலாளியும் அந்த இடத்தில்தான் நாளை நிற்கப்போகிறார்கள். 2018-இல் வேலை காப்புறுதித் திட்டம் வந்திருக்கிறது; வேலை தேடும் சில மாதங்களுக்கு அது கைகொடுக்கும். ஒரு தொழிலே மூடப்படும்போது சில மாதம் போதுமா?

போதாது என்பதை உணர்ந்தவர்கள் முன்பே இருந்தார்கள். அமெரிக்க எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவரான டோனி மசோக்கி 1990-களில் ஒரு கேள்வி கேட்டார். கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் செய்ய அரசாங்கம் ஒரு நிதி வைத்திருக்கிறதே, அந்தத் தொழிலில் வேலை இழக்கும் மனிதனுக்கு ஏன் ஒரு நிதி இல்லை என்றார். அவருடைய அந்தக் கருத்து வளர்ந்து, தொழிலாளிக்கு நியாயமான மாற்றம் என்ற சொல்லாக 2015-ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் இடம்பெற்றது. காகிதத்தில் இடம்பெற்றதைக் காரியத்தில் வாங்கிக் காட்டியவர்கள் ஸ்பெயின் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள். 2018 அக்டோபரில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென்று முடிவானபோது, அவர்கள் அரசாங்கத்தோடு உட்கார்ந்து உடன்படிக்கை செய்தார்கள். சுரங்க வட்டாரங்களுக்குப் பத்தாண்டில் 25 கோடி யூரோ, 48 வயது கடந்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, மற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சி, பாழான நிலத்தைச் சீர்செய்யும் வேலையில் முதலிடம். உடன்படிக்கை முதலில் வந்தது. மூடுதல் பின்னால் வந்தது. இந்த வரிசையை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். நமது தோட்டங்களில் மூடுதல் முதலில் வந்தது. உடன்படிக்கை பல இடங்களில் வரவே இல்லை.

ஆகவே அரசாங்கத்தையும் முதலாளிமாரையும் நாம் கேட்பது பெரிய காரியமன்று. கரிவரிப் பணம் வேறு வரிகளோடு கலந்து மறையாமல் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதன் வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாகட்டும். பெரும்பங்கு எல்லா வீட்டுக்கும் சமமாகத் திரும்பட்டும். அதுவும் மின்சாரப் பில்லிலேயே “கரிவரிப் பங்கு” என்று பெயர் போட்டு, கட்ட வேண்டிய தொகைக்கு நேர் எதிரில் தெரியும்படி வரட்டும். கனடாக்காரர் செய்த தவறு நமக்கு வேண்டாம். மீதியில் ஒரு பங்கு, மாற்றத்துக்குள்ளாகும் தொழிலாளிக்குச் சம்பளக் காப்பாகவும் வீடாகவும் போகட்டும். வீடு என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் இதில் இடம் வேண்டும். இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு நிரை பிடிக்கிறவர்களை விட்டுவிட்டு நமக்கு மட்டும் கேட்டால், மலிவான ஆளைக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒன்று. தங்கள் தோட்டத்து எண்ணெய் ஆலையின் கழிவுக் குளம் மூடப்பட்டிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா, வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து விற்கப்படுகிறதா, அந்த மின்சாரத்தில் லயத்துக்கு ஏதும் வருகிறதா என்ற நான்கு விவரங்களையும் கேட்டு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது அந்தப் பட்டியல் சம்பளக் கோரிக்கையோடு மேசையில் இருக்க வேண்டும்.